செஸ் தாளில் ‘ஆர்’ யானையா, ராஜாவா?

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம். டிங் லிரென் தன் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த மூன்று நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்து குகேஷ் சாம்பியன் ஆனார். அந்தக் கடைசிப் பகுதியை ஆங்கில முறையில் எழுதிய தாளில் படித்தால் ‘ஆர்×எஃப்2’ என்று வரும். குகேஷின் யானை டிங்கின் யானையை வெட்டுகிறது என்று பொருள். அதே ஆட்டத்தைப் பிரெஞ்சு முறையில் எழுதினாலும் ‘ஆர்×எஃப்2’ வரும். ஆனால் அது அதற்கு அடுத்த நகர்த்தல்: டிங்கின் ராஜா குகேஷின் யானையை வெட்டுகிறது. எழுத்து ஒன்றுதான், காயும் வேறு, ஆடியவரும் வேறு.

வேறு ஊரில் இது வெறும் வேடிக்கை. புதுச்சேரியில் அப்படியில்லை. லிசே பிரான்சே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் கடலூரிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காரலாம். இருவர் தாளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பெற்றோருக்கு, இரண்டு வேறு ஆட்டங்களைப் பார்ப்பதுபோல் இருக்கும். நோட்டேஷன், அதாவது நகர்த்தல்களைத் தாளில் எழுதும் முறை, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எங்கே சறுக்குகிறது, சறுக்கினால் என்ன ஆகும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. தாளில் ரோமன் எழுத்துகளே இருக்கும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் தருகிறோம். காயையும் கட்டத்தையும் பிரிக்கும் சிறு கோடு (என்-எஃப்3) கண்ணுக்கு வசதியாக நாம் போட்டது; தாளில் அது தேவையில்லை.

கட்டத்துக்கு முகவரி

புதுச்சேரியில் வழி சொல்லும்போது “மிஷன் வீதியும் நேரு வீதியும் வெட்டுற முனை” என்றால் போதும். ஒன்று வடக்குத் தெற்காக ஓடுகிறது, மற்றது கிழக்கு மேற்காக. இரண்டும் சந்திப்பது ஒரே இடத்தில்தான். செஸ் பலகையிலும் இதே கணக்குதான்.

1. நெடுக்குவரிசை எட்டு. வெள்ளைக் காய் ஆடுபவரின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச்.
2. குறுக்குவரிசை எட்டு. வெள்ளைக்காரருக்கு மிக அருகில் இருப்பது 1, எதிராளியின் மடியருகே இருப்பது 8.
3. எழுத்து முதலில், எண் பிறகு. வெள்ளை ராஜா நிற்கும் இடம் இ1. கறுப்பு ராஜா இ8.

எல்லாமே வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது என்பதுதான் இதில் முக்கியம். கறுப்பு ஆடினாலும் எண்ணிக்கை மாறாது. கறுப்புக்காரர் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் அது இ5. தன் பக்கத்திலிருந்து எண்ணி இ4 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

கட்டத்தின் நிறத்தையும் பெயரைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். எழுத்தை எண்ணாக்குங்கள் (ஏ=1, எச்=8). இரண்டையும் கூட்டுங்கள். ஒற்றைப்படை வந்தால் வெளிர்நிறம், இரட்டைப்படை வந்தால் அடர்நிறம். இ4 என்றால் 5+4=9, வெளிர்நிறம். ஏ1 என்றால் 1+1=2, அடர்நிறம். மந்திரி தன் நிறத்தை விட்டு மாறவே மாட்டார் என்பதால், தாளில் ஒரு மந்திரி நிறம் மாறிப் போயிருந்தால் அந்த வரி தப்பு என்று பலகையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். தாளைத் திருத்த இதைவிட விரைவான வழி கிடையாது.

பலகை திரும்பிக் கிடந்தால்

சுருட்டி வைக்கும் பலகைகளில் எழுத்தும் எண்ணும் ஓரத்தில் அச்சாகி இருக்கும். அதை விரிக்கும்போது இரண்டு விதமாகத் தப்பு நடக்கும்.

கால் சுற்று திரும்பினால், ஆடுபவரின் வலக்கை மூலையில் வெளிர்நிறக் கட்டத்துக்குப் பதில் அடர்நிறக் கட்டம் வரும். ராணி தன் நிறத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் கற்ற பிள்ளை ராணியை அந்த நிறத்தைத் தேடி வைக்கும். ராஜாவும் ராணியும் இடம் மாறிவிடும். பலகை மட்டும் இப்படித் தப்பாகப் போடப்பட்டது நடுவில் தெரியவந்தால், உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி ஆட்டம் ரத்தாகாது. நிலையை அப்படியே சரியான பலகைக்கு மாற்றித் தொடர வேண்டும். காய்களை வைத்த தொடக்க நிலையே தப்பு என்றால் கதை வேறு, புது ஆட்டம்தான்.

அரைச் சுற்று திரும்பினால் நிறமெல்லாம் சரியாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் வெள்ளைக்காரர் முன்னால் எச்8 என்று அச்சாகியிருக்கும். ஓரத்தைப் பார்த்து எழுதும் பிள்ளையின் தாளில் வெள்ளை ராஜா டி8-இல் நிற்பார், முதல் நகர்த்தல் இ4 என்பது டி5 ஆகிவிடும். இப்படிப்பட்ட தாளை மீட்பது எளிது: எழுத்தின் எண்ணையும் வரிசை எண்ணையும் தனித்தனியே 9-லிருந்து கழியுங்கள். டி5 என்றால் 4, 5, கழித்தால் 5, 4, அதாவது இ4. முழு ஆட்டமும் நேராகிவிடும். உட்காரும்போதே ஏ1 வெள்ளைக்காரரின் இடக்கைப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தக் கழித்தலே தேவையில்லை.

காய்க்கு எழுத்து: இங்கேதான் ஊர் பிரிகிறது

கட்டத்தின் பெயர் பெரும்பாலும் உலகெங்கும் ஒன்று. காயின் எழுத்து மொழிக்கு மொழி மாறும்.

ஆங்கிலத்தில்: ராஜா கே, ராணி க்யூ, யானை ஆர், மந்திரி பி, குதிரை என். குதிரைக்கும் ஆங்கிலப் பெயர் ‘கே’யில்தான் தொடங்குகிறது. அந்த எழுத்தை ராஜா எடுத்துக்கொண்டதால் இரண்டாம் எழுத்து குதிரைக்குப் போனது. சிப்பாய்க்கு எழுத்தே இல்லை. வெறும் கட்டத்தின் பெயர் இருந்தால் அது சிப்பாய்.

பிரெஞ்சில்: ராஜா ‘ருவா’, எழுத்து ஆர். ராணி ‘தாம்’, எழுத்து டி. யானை ‘தூர்’, எழுத்து டீ. மந்திரி ‘ஃபூ’, எழுத்து எஃப். குதிரை ‘கவாலியே’, எழுத்து சி.

தொடக்கத்தில் சொன்ன ஆட்டத்தின் முடிவை இரண்டிலும் வைத்துப் பாருங்கள்.

ஆங்கில முறை: 55. ஆர்-எஃப்2, ஆர்×எஃப்2. 56. கே×எஃப்2, பி-டி5. 57. பி×டி5, கே×டி5. 58. கே-இ3, கே-இ5. 0-1.

பிரெஞ்சு முறை: 55. டீ-எஃப்2, டீ×எஃப்2. 56. ஆர்×எஃப்2, எஃப்-டி5. 57. எஃப்×டி5, ஆர்×டி5. 58. ஆர்-இ3, ஆர்-இ5. 0-1.

பிரெஞ்சுத் தாளை ஆங்கிலமாக நினைத்துப் படித்தால் இல்லாத யானைகள் பலகையில் ஓடத் தொடங்கும். ‘எஃப்×டி5’ என்பதை எஃப் வரிசைச் சிப்பாய் வெட்டியது என்று எடுத்துக்கொண்டால், பக்கத்து வரிசைக்கு மட்டுமே வெட்டத் தெரிந்த சிப்பாய் எப்படி இ வரிசையைத் தாண்டிக் குதித்தது என்று தலை சுற்றும். அந்தத் தலைசுற்றல்தான் நல்ல அடையாளம். தாள் வேறு மொழியில் இருக்கிறது என்று பொருள்.

பிரெஞ்சு எழுத்தில் எழுதினால் நடுவர் ஏற்பாரா என்று கேட்பவர்கள் உண்டு. ஃபிடே விதிகளின் பின்னிணைப்பு சி, காயின் பெயருக்கு ஆடுபவர் தம் நாட்டில் வழங்கும் பெயரின் சுருக்கத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது. உதாரணமாக அங்கே காட்டியிருப்பதே பிரெஞ்சு ‘ஃபூ’தான். ஆனால் ஒரே தாளில் இரண்டையும் கலக்கக் கூடாது. பத்தாம் நகர்த்தல் வரை ராணிக்கு க்யூ, அதற்குப் பிறகு டி என்றால் யாராலும் ஆட்டத்தை மீட்க முடியாது.

தமிழில் எழுதினால் என்ன? விதி தடுக்காது. சிக்கல் பெயர்களில்தான். ராஜாவும் ராணியும் ‘ரா’வில் தொடங்குகின்றன, போதாததற்குச் சில வீடுகளில் ராணியையே மந்திரி என்பார்கள். அச்சில் இந்தத் தொல்லையைத் தவிர்க்கவே எழுத்துக்குப் பதில் காயின் சிறு படத்தைப் போடும் வழக்கம் வந்தது.

பெரிய பி, சின்ன பி

ஆங்கில முறையில் காயின் எழுத்து பெரியது, வரிசையின் எழுத்து சிறியது. பள்ளியில் படிவம் நிரப்பும் பழக்கத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதும் பிள்ளைகளுக்கு இதில்தான் அடி விழுகிறது. நிம்சோ-இந்தியத் தொடக்கத்தில் அடிக்கடி வரும் வரிசை இது: 1. டி4, என்-எஃப்6. 2. சி4, இ6. 3. என்-சி3, பி-பி4. 4. ஏ3, பி×சி3. 5. பி×சி3. நான்காவதில் கறுப்பு மந்திரி வெட்டுகிறார், ஐந்தாவதில் வெள்ளையின் பி வரிசைச் சிப்பாய் வெட்டுகிறது. முதல் ‘பி’ பெரியது, அடுத்தது சின்னது. இரண்டையும் ஒரே அளவில் எழுதினால் தாளில் ஒரே நகர்த்தல் இரண்டு முறை எழுதப்பட்டதுபோல் நிற்கும்.

ஆங்கில முறையில் இந்த மோதல் ‘பி’ ஒன்றுக்கு மட்டும்தான். பிரெஞ்சு முறையில் சி, டி, எஃப் மூன்றுமே காய்க்கும் வரிசைக்கும் பொது. ஆக, பிரெஞ்சு முறையில் எழுதுபவர் எழுத்தின் அளவில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கையெழுத்தில் குழம்பும் மற்ற இணைகள்: சின்ன பி-யும் 6-உம், சின்ன ஜி-யும் 9-உம், 1-உம் 7-உம், சின்ன சி-யும் இ-யும். செஸ்ஸில் 9 என்ற வரிசை இல்லை என்பதால் இரண்டாவது தானே தெளிந்துவிடும். 1, 7 தெளியாது. 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு போடும் பிரெஞ்சுப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இனி, விடுபட்டால் அர்த்தமே மாறும் குறிகள்:

1. ஒரே வகைக் காய் இரண்டும் ஒரே கட்டத்துக்குப் போக முடிந்தால், புறப்பட்ட வரிசையைச் சேர்க்க வேண்டும். குதிரைகள் ஜி1, டி2-இல் நின்று, எஃப்3-க்கு ஜி வரிசைக் குதிரை போனால் என்ஜி-எஃப்3. இரண்டும் ஒரே நெடுக்குவரிசையில் நின்றால் எண்ணைச் சேர்க்க வேண்டும்: என்1-எஃப்3, என்5-எஃப்3.
2. சிப்பாய் வெட்டினால் புறப்பட்ட வரிசை கட்டாயம்: இ×டி5.
3. ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் சேர்ந்து நகரும் கேஸ்லிங், குட்டைப் பக்கம் 0-0, நெட்டைப் பக்கம் 0-0-0. ஃபிடே தாளில் பூஜ்யம். கணினிக் கோப்பில் பெரிய ‘ஓ’ எழுத்து. ஆட்டத்தைத் தட்டச்சு செய்தபின் மென்பொருள் முரண்டு பிடித்தால் முதலில் இதைப் பாருங்கள்.
4. சிப்பாய் கடைசி வரிசையை அடைந்தால் எந்தக் காயாக மாறியது என்பதும் எழுதப்பட வேண்டும்.

நாலாவதில் ஒரு பழைய வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். உபரி ராணி இல்லாதபோது யானையைத் தலைகீழாக நிறுத்தி ‘இது ராணி’ என்பது வீட்டில் செல்லும். போட்டியில் தலைகீழ் யானை யானைதான். 2017 கனடா சாம்பியன்ஷிப்பின் தீர்மான ஆட்டத்தில் நடுவர் அப்படித்தான் தீர்ப்பளித்தார். ராணி கைக்கெட்டவில்லையென்றால் கிளாக்கை நிறுத்தி நடுவரிடம் கேட்பதே வழி.

செக்குக்குப் போடும் கூட்டல் குறி விருப்பம்தான். அது இல்லையென்று பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

தாத்தாவின் புத்தகம்

சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த பிலிப் ஸ்டாமா 1737-இல் பாரிசில் வெளியிட்ட நூலிலேயே இன்றைய முறையின் சாயல் இருந்தது. இருந்தும் ஆங்கிலப் புத்தகங்கள் வெகுகாலம் வேறொரு முறையில் வந்தன. அதில் வரிசைக்கு எழுத்து கிடையாது. அதன் அடியில் தொடக்கத்தில் நிற்கும் காயின் பெயர்தான். எண்ணை அவரவர் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். வெள்ளையின் இ4-உம் கறுப்பின் இ5-உம் அங்கே ஒன்றுபோலவே ‘பி-கே4’ (இந்தப் ‘பி’ மந்திரி அல்ல, சிப்பாயின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து). ஒரு கட்டத்துக்கு இரண்டு பெயர் என்றால் குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா?

1981-இல் ஃபிடே அந்த முறையை ஏற்பதை நிறுத்தியது. புத்தகங்கள் அலமாரியை விட்டுப் போகவில்லை. தாத்தாவிடம் ஆட்டம் கற்ற பிள்ளை கறுப்பில் உட்கார்ந்ததும் தன் பக்கத்திலிருந்து எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாள் யாருக்குச் சாட்சி?

நோட்டேஷனைப் படிப்புக்கான குறிப்பு என்று நினைத்தால் பாதிதான் சரி. ஆட்டம் நடக்கும்போது அது சாட்சி. ஒரே நிலை மூன்று முறை வந்தது, சிப்பாய் நகராமலும் வெட்டு இல்லாமலும் 50 நகர்த்தல் போய்விட்டது, 40 நகர்த்தல் முடிந்தது என்று எதைச் சொன்னாலும் நடுவர் பார்ப்பது அதைத்தான்.

எப்போது எழுத வேண்டும் என்பதில் பெற்றோருக்குக் குழப்பம் வருவது இயல்பு. ரேபிட், பிளிட்ஸ் எனும் விரைவு ஆட்டங்களில் எழுதத் தேவையில்லை. நீண்ட நேர ஆட்டமான கிளாசிக்கலில் கட்டாயம். அதிலும் நகர்த்தலுக்கு 30 விநாடியோ அதற்கு மேலோ கூடிக்கொண்டே வந்தால் கடைசி வரை எழுத வேண்டும். அப்படிக் கூடாத ஆட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக நேரம் இருந்தால் எழுதாமல் விடலாம்.

வரிசை: நகர்த்து, கிளாக்கை அழுத்து, எழுது. எதிராளி ஆடியதும் எழுதாமல் பதில் ஆடலாம். ஆனால் அடுத்த நகர்த்தலுக்குள் பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும். டிரா கேட்டால் இருவருமே சமக்குறியை அடைப்புக்குள் போட்டு அதைக் குறிக்க வேண்டும்.

பிள்ளைகள் புள்ளி இழக்கும் இடங்கள் இவை:

1. மூன்று முறை வந்த நிலைக்கு டிரா கோரும் முறை. மூன்றாம் முறை தன் நகர்த்தலால்தான் வரப்போகிறது என்றால், அதைப் பலகையில் ஆடக் கூடாது. தாளில் எழுதி, நடுவரைக் கூப்பிட்டு, இதை ஆடப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். ஆடுவதற்காகக் காயைத் தொட்டுவிட்டாலே அந்த நகர்த்தலுக்கு அந்த உரிமை போயிற்று. கோரிக்கை தவறென்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும்.
2. ஒரு நகர்த்தல் விட்டுப்போவது. ஒன்று விட்டால் அதன்பின் வெள்ளை, கறுப்பு பத்திகளே இடம் மாறும். பத்து நகர்த்தலுக்கு ஒருமுறை, தன் நிறம் தன் பத்தியில் இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும்.
3. முடிவு எழுதுவது. முதல் எண் எப்போதும் வெள்ளைக்கு. கறுப்பில் ஜெயித்த பிள்ளை ‘எனக்கு 1, அவனுக்கு 0’ என்று 1-0 எழுதி, இரண்டு தாளிலும் கையெழுத்தும் போட்டுவிட்டு ஓடிவிடும். தப்பாக இருந்தாலும் கையெழுத்திட்ட முடிவே நிற்கும், நடுவர் வேறு முடிவெடுத்தாலொழிய. வெளியே வந்தபின் முதலில் கேட்க வேண்டியது “ஜெயிச்சியா?” அல்ல, “என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட?”

வினோதங்களும் விதியும்

செஸ் ஆடுபவர்களுக்கு ஆளுக்கொரு பழக்கம். காஸ்பரோவ் தொடக்கத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். ஜெயித்தாயிற்று என்று தோன்றினால் எடுத்துக் கட்டிக்கொள்வார். எதிராளிக்கு அதுவே மரண ஓலை. இவான்சுக் கூரையைப் பார்த்தபடி கணக்குப் போடுவார். பெட்ரோசியன் சத்தம் பிடிக்காவிட்டால் செவித்துணைக் கருவியை அணைத்துவிடுவார். குகேஷ் ஆட்டம் முடிந்ததும் காய்களைத் தொடக்க நிலைக்கே அடுக்கிவைப்பார். சிங்கப்பூரில் கண்ணீர் வழிய வழிய அதைச் செய்தார். இவற்றில் எதையும் விதி தொடுவதில்லை. எதிராளியைத் தொந்தரவு செய்வதையும் தாளின் வேலையைக் கெடுப்பதையும்தான் அது தொடுகிறது.

எழுதிவிட்டு ஆடும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பயிற்சியாளர்களே அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்: எழுது, ஒருமுறை மூச்சு விடு, மடத்தனம் இல்லையா என்று பார், பிறகு ஆடு. 1959-இல் யுகோஸ்லாவியாவில் நடந்த, உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் பதின்வயது ஃபிஷர் நல்லதொரு நகர்த்தலை எழுதி, அதை எதிரே இருந்த டால் பார்க்கும்படி வைத்தார். டால் முகத்தில் எதையும் காட்டவில்லை. ஃபிஷர் அதை அடித்துவிட்டு வேறொன்று ஆடித் தோற்றார். தாள் அங்கே எதிராளியின் முகத்தைப் படிக்கும் கருவியாகிவிட்டது. 2005 முதல் முன்கூட்டி எழுதுவதற்குத் தடை. மேலே சொன்ன டிரா கோரிக்கை போன்றவை மட்டுமே விலக்கு. பழைய பயிற்சியாளரிடம் கற்ற பிள்ளை இன்றும் இதில் மாட்டுகிறது.

தாளில் நகர்த்தல், நேரம், டிரா சம்பந்தப்பட்டவை தவிர வேறு எழுதவும் கூடாது. 2015 அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில் வெஸ்லி சோ தனக்குத் தானே தைரியம் சொல்லும் வரிகளை எழுதினார். எச்சரித்த பிறகும் எழுதியதால், அகோபியனுடன் ஆடிய ஒன்பதாம் சுற்று ஆட்டத்தை நடுவர் தோல்வியாக அறிவித்தார். நம் பிள்ளைகள் தாளின் தலையில் போடும் பிள்ளையார் சுழிக்கும் விதியின் எழுத்துப்படி இடமில்லை. அது ஆட்டத்துக்குத் துப்புக் கொடுக்காது என்பதால் அதற்காக ஒரு நடுவர் சண்டை பிடிப்பது அதிகப்படி என்றே தோன்றுகிறது. தன் நகர்த்தலுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போடுவது வேறு; அது ஆட்டம் நடக்கும்போதே எழுதும் குறிப்பு.

காய்களைக் கட்டத்தின் நடுவில் நேராக நிறுத்திக்கொண்டே இருப்பதும் ஒரு வினோதம்தான். அதற்கு விதி ஒரு பிரெஞ்சுச் சொல்லையே வைத்திருக்கிறது: ‘ழதூப்’, ‘சரிசெய்கிறேன்’ என்று பொருள். புதுச்சேரிப் பெரியவர்கள் சிலருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்காது. தன் முறை வரும்போது மட்டும், தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். விரல் பட்டபின் சொன்னால் டச் மூவ். அந்தக் காயைத்தான் ஆட வேண்டும்.